பசித்தவர் இல்லாத தாலுகா

ஈசுவர வருஷம், ஆனி 4

தாசில்தார் சேஷகிரி ராவ் இன்று என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கதவைச் சாத்தச் சொன்னால் ஒன்று வேலை போகும், இல்லாவிட்டால் வேலை கூடும். எனக்குக் கூடியது.

சீமையிலிருந்து பென்மார்ஷ் பிரபு என்று ஒரு பெரிய மனிதர் வருகிறார். பஞ்சத்தை நேரில் பார்த்து மகாராணியாரின் மந்திரிகளுக்கு அறிக்கை எழுதுவதற்காக வருகிறாராம். ஆடி நாலாம் தேதி நம்முடைய நல்லமங்கலம் தாலுகாவில் இரண்டு மணி நேரம் தங்குவார். அவருக்கு வரவேற்புப் பத்திரம் எழுதி, அவர் முன்னால் வாசிக்கவேண்டியவன் நான்.

"பிள்ளைவாள், இந்த ஜில்லாவிலே உம்மை மாதிரி எழுத ஆள் கிடையாது. இது மட்டும் நல்லபடியா முடிஞ்சுதுன்னா, டிப்டி தாசில்தார் வேலை ஒண்ணு காலியா இருக்கு. கலெக்டர் துரை காதிலே போட்டு வைக்கிறேன்" என்றார்.

பதினெட்டு வருஷமாகத் தலைமைக் குமாஸ்தாவாக, சிரஸ்தார் நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவர்கள் கையெழுத்துப் போடும் கடிதங்களை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கனகசபாபதி பிள்ளை என்ற பெயர் எந்தக் காகிதத்தின் அடியிலும் வந்ததில்லை. இதில் வரும்.

வீட்டில் சொன்னேன். தைலம்மை முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ஊரு கெடக்குற கெடையில மாலை வேற போடப் போறீகளாக்கும்" என்றாள். என் மனைவிக்கு என்றைக்குமே சபை நாகரிகம் தெரியாது.

ஆனி 6

பிரபுவின் காரியதரிசி அவருடைய வாழ்க்கைக் குறிப்பை அனுப்பியிருக்கிறார். இங்கிலீஷில் நாலு பக்கம். ராவ் படித்துச் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன்.

பிறந்த மாளிகையில் அறைகள் எத்தனை என்று அந்த வீட்டாருக்கே நிச்சயமாகத் தெரியாதாம். பாட்டன், பூட்டன் எல்லாரும் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்தவர்கள். இவர் இருபத்திரண்டு வயதில் கீழ்ச்சபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். அந்த ஊரில் ஓட்டு உள்ளவர்கள் முக்கால்வாசிப்பேர் இவர் பாட்டனாரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர்கள். எதிர்த்து நிற்க ஒருவருக்கும் தோன்றவில்லை என்று குறிப்பு சொல்கிறது. தோன்றாமல் என்ன, தோன்றியிருக்கும். ஊர் நிலமெல்லாம் வைத்திருக்கும் மிட்டாதார்களை இங்கே நமக்குத் தெரியாதா?

சபையில் முதல் ஐந்து வருஷம் வாயே திறக்கவில்லை. ஆறாம் வருஷம் பேசிய ஒரு பேச்சில் பெயர் நிலைத்துவிட்டது. அயர்லாந்து என்ற தீவில் கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்த காலம் அது. சர்க்கார் அங்கே நடத்திய கஞ்சிச் சாலைகளை மூடவேண்டும் என்று பேசினார். மூடினார்கள். பொக்கிஷத்துக்குப் பெரிய லாபம். அதற்குப் பிறகு பொக்கிஷ இலாகாவில் உதவி மந்திரி. தகப்பனார் இறந்ததும் மேல்சபை. பிறகு இரண்டு தடவை மந்திரி. இந்தப் பிரயாணத்தின் அறிக்கை நன்றாக அமைந்தால் இந்தியா மந்திரி ஆவார் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்களாம்.

கஞ்சிச் சாலைகளை மூடிய பின் அந்தத் தீவில் என்ன ஆயிற்று என்று குறிப்பில் இல்லை. வரவேற்புப் பத்திரத்துக்கு அது தேவையும் இல்லை.

ஆனி 7

வீட்டுக் கிணற்றில் இரண்டு குடத்துக்கு மேல் ஊறவில்லை. பூசணிப் பந்தலைப் பிடுங்கிப் போட்டேன்.

ஆனி 9

பத்திரம் முடிந்தது. என் வாயால் நானே சொல்லிக்கொள்ளக்கூடாது. ஆனால் இந்த நோட்டை வேறு யாரும் படிக்கப் போவதில்லை. நன்றாக இருக்கிறது. அயர்லாந்துச் சங்கதியை 'பொக்கிஷத்தின் காவலர்' என்று ஒரே பட்டத்தில் அடக்கிவிட்டேன். முடிவில் வரும் வாக்கியத்தைத்தான் நாலு தடவை அடித்து எழுதினேன்:

'தங்கள் பாதம் இம்மண்ணில் படுமுன்னரே பசிப்பிணி எல்லை தாண்டி ஓடிற்று; இன்று இத்தாலுகாவில் பசித்தவர் ஒருவரும் இலர்.'

அதைச் சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஞானப்பிரகாசம் வந்தான். கண்மாய்க்கரையில் சர்க்கார் வைத்திருக்கும் கஞ்சித்தொட்டிக்கு அவன்தான் மேற்பார்வை. மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவன். ஆள் பாதியாக இளைத்துவிட்டான். ஊருக்கெல்லாம் கஞ்சி ஊற்றுகிறவன் ஏன் இளைக்கவேண்டும் என்று கேட்டால் சிரிக்கிறான். தொட்டியில் இப்போது எழுநூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள்.

"ஐயா, ஒரே ஒரு வரி சேருங்கய்யா. ஐப்பசி மழை விழுற வரைக்கும் தொட்டிய நிறுத்தக் கூடாதுன்னு பெரியவர்கிட்ட கேட்டு ஒரு வரி. நீங்க எழுதுனா நிக்கும்."

"இது விண்ணப்பம் இல்லை, வரவேற்பு. வந்தவரை வாங்க என்று சொல்கிற வாயால் கை நீட்டுவதா?"

அவன் என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். கடைசி வரியை இரண்டு தரம் படித்தான். "பசிச்சவங்க ஒருத்தரும் இல்லையா ஐயா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வரவேற்புப் பத்திரம் என்றால் என்ன என்று இவனுக்கு யார் சொல்வது? வீட்டுக்கு வந்தவர் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டால் 'ஆச்சு' என்கிறோம். பானையைத் திறந்தா காட்டுகிறோம்? மாதம் மூன்று மழை பெய்தது என்று எழுதாத பத்திரம் இந்த நாட்டில் உண்டா? கேட்கிறவர்களுக்கும் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும். மரியாதை என்பது அதுதான். இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். "அவருக்கும் தெரியுமாய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஆனி 10

பத்திரமும் ராவ் செய்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் காரியதரிசிக்கு அனுப்பப்பட்டன. முன்கூட்டியே அனுப்பி ஒப்புதல் வாங்கவேண்டும் என்பது விதி. ஒப்புதல் ஆனபிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்றக்கூடாது.

ஆனி 17

ஒப்புதல் வந்துவிட்டது! ராவ் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளைவாள், பிரபு ரெண்டு தரம் படிச்சாராம். கடைசி வாக்கியத்துக்குப் பக்கத்திலே தன் கையாலேயே கோடு போட்டிருக்கார். பாரும்."

பார்த்தேன். நீல மையில் நேரான கோடு. சீமைப் பிரபு ஒருவர் என் வாக்கியத்துக்குப் பக்கத்தில் கோடு போட்டிருக்கிறார். வீட்டுக்கு வரும் வழியில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவித்துத் தின்னப் பறித்த இலைக் கட்டோடு வந்த ஒரு பெண்பிள்ளை வழி மறித்துக் கை நீட்டினாள். என் கையில் ஒன்றும் இல்லை. நிஜமாகவே இல்லை.

ஆனி 21

ஞானப்பிரகாசம் இன்று தாலுகாக் கச்சேரி வாசலில் காத்திருந்தான். அவனுடைய மிஷன் சாமியார் அயர்லாந்து தேசத்தவர். பிரபுவின் பெயரைச் சொன்னதும் சாமியார் கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாராம்.

"அப்புறம் சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னாருங்க. அவரு அம்மா, ரெண்டு தங்கச்சி, எல்லாரும் அந்தக் கஞ்சிச் சாலை மூடுன வருஷம் போயிட்டாங்களாம். ஊர்ல பொதைக்க ஆள் இல்லாம வீட்ட அவங்க மேலயே சரிச்சு மூடுனாங்களாம். அப்ப அவருக்குப் பதினொரு வயசு."

"முப்பது வருஷத்துக்கு முந்திய கதை" என்றேன்.

"ஆமாய்யா. ஆளு அதே ஆளு."

வெற்றிலை வாங்கி வரும்படி தைலம்மை சொல்லியிருந்தாள். மறந்துவிட்டேன்.

ஆனி 24

இன்று வந்த கடிதத்தை அப்படியே எழுதி வைக்கிறேன். காரியதரிசி கேட்கிறார்: 'இத்தாலுகாவில் பசித்தவர் ஒருவரும் இல்லை என்று பத்திரம் தெரிவிக்கிறது. ஆனால் மாத அறிக்கை எழுநூற்றுச் சொச்சம் பேருக்குக் கஞ்சி வழங்குவதாகத் தெரிவிக்கிறது. இவ்விரண்டில் எது பொய்?'

ராவ் முகம் வெளுத்துவிட்டது. "பத்திரம் பொய்யின்னா பிரபுவுக்கு முன்னாலே பொய் சொன்னதாகும். அறிக்கை பொய்யின்னா சர்க்கார் அரிசியைத் திருடினதாகும். ரெண்டுலே எதுக்குத் தலையைக் கொடுக்கறது?"

"அது பத்திர மரபு என்று எழுதலாமே எஜமான். இந்த நாட்டில் எல்லாப் பத்திரமும் இப்படித்தான்..."

"வாக்கியத்தை மெச்சிக் கோடு போட்டவர்கிட்டே, ஐயா அது சும்மா பேச்சு, நீர் ஏமாந்துபோனீர்னு எழுதச் சொல்றேளா?"

பதில் எழுதும்படி என்னிடமே கொடுத்தார். எழுதினேன். 'கஞ்சித்தொட்டிக்கு வருகிறவர்களிற் பெரும்பாலோர் பசியினால் அன்று, பழக்கத்தினால் வருகிறவர்கள்' என்று. வாக்கியம் சரியாக விழுந்தது. ராவ் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆனி 25

காய்ச்சல். கச்சேரிக்குப் போகவில்லை.

ஆனி 30

வாழைமரங்கள் தாமிரபரணிக் கரையிலிருந்து வண்டியில் வந்து சேர்ந்தன. வழியில் யார் யாரோ குருத்தைப் பிடுங்கித் தின்றிருக்கிறார்கள். இருபதில் ஆறுக்குத்தான் தலை இருக்கிறது. அவற்றைப் பந்தலின் முன்பக்கம் கட்டச் சொன்னேன். மாவிலைத் தோரணத்துக்குத் தாலுகா முழுவதும் ஆள் விட்டும் இலை இல்லை. பச்சைக் காகிதத்தை வெட்டி ஒட்டினோம். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

ஆடி 2

பத்திரத்தை வீட்டில் சத்தம் போட்டு வாசித்துப் பழகினேன். தைலம்மை அடுக்களை வாசற்படியில் நின்று கடைசிவரை கேட்டாள். இருபத்தாறு வருஷத்தில் நான் எழுதிய ஒன்றை அவள் முழுதாகக் கேட்டது இதுவே முதல் தடவை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, "தொட்டியில கெடக்குற சனமும் அங்க நின்னு இதக் கேக்குமா?"

"அவர்களை அன்றைக்கு ஊருக்குள் விடப்போவதில்லை. கண்மாய்க்கு அந்தப் பக்கம் நிறுத்தப் போலீஸ் போட்டிருக்கிறது."

"அப்ப சரி. அவுகளுக்கு முன்னாடி படிக்க உங்களுக்கே நாக்கு எழும்பாது."

அப்போதுதான் ஒன்று தோன்றியது. வாசிக்கப் போகிறவன் நான். தமிழ் அங்கே துரைகள் எவருக்கும் தெரியாது. கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு 'இங்ஙனம்' என்று முடித்தால் யார் கேட்கப் போகிறார்கள்? பிரபு நேரில் கேட்காத வாக்கியம் அறிக்கையில் ஏறாமல் போகலாம். தொட்டி இன்னும் மூன்று மாதம் எரியலாம். எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனால் செய்துவிடுவேன்.

ஆடி 4

ஒன்பது மணிக்கு வரவேண்டியவர் பதினொன்றுக்கு வந்தார். நெட்டையான மனிதர், நரைத்த கிருதா, இடது காலில் வாத நோய். கைத்தடியை ஊன்றி மெல்ல நடந்தார். நான் நினைத்திருந்த முகம் அது இல்லை. கனிவான முகம். நான் வெயிலில் நிற்பதைப் பார்த்து, குடை பிடித்திருந்த சேவகனை என் பக்கம் போகச் சொன்னார். இந்தத் தாலுகாவில் எந்தத் துரையும் இதுவரை எனக்குக் குடை பிடிக்கச் சொன்னதில்லை.

வாசித்தேன். குரல் நன்றாக எழும்பியது. அவருடைய பாட்டன், பூட்டன், சபை, மந்திரி உத்தியோகம், பொக்கிஷத்தின் காவலர் என்ற பட்டம், எல்லாம் வந்தன. கடைசி வாக்கியத்துக்கு வந்தேன். அதைத் தாண்டி, "இங்ஙனம் தங்கள் பணிவுள்ள ஊழியன் கனகசபாபதி பிள்ளை" என்று முடித்துக் கும்பிட்டேன்.

மேளக்காரர்கள் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போது பிரபு கையை உயர்த்தினார். மேளம் நின்றது.

அவர் மடியில் இங்கிலீஷ் பிரதி இருந்தது. என் தமிழ் அவருக்குப் புரியவில்லை. ஆனால் நான் நிறுத்தும் இடங்களை வைத்து, ஒவ்வொரு வாக்கியமாக விரலை நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறார். விரல் கடைசிக்கு முந்திய வாக்கியத்தில் நின்றிருந்தது. அவர் ராவிடம் ஏதோ சொன்னார். ராவின் உதடு காய்ந்திருந்தது.

"பிள்ளைவாள், ஒரு வாக்கியம் விட்டுப்போச்சுங்கறார். அவருக்கு ரொம்பப் பிடிச்ச வாக்கியமாம். வயசானவா கண்ணுக்கு வரி தப்பறது சகஜம்தான், நிதானமா வாசிக்கட்டும்னு சொல்றார்."

அவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். கெட்ட சிரிப்பு இல்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் மறந்தவனைத் தைரியப்படுத்துகிற வாத்தியாரின் சிரிப்பு. கலெக்டர் துரை என்னைப் பார்த்தார். ராவ் பார்த்தார். பந்தலில் இருந்த முந்நூறு பேரும் பார்த்தார்கள். அந்த முந்நூறு பேருமே தமிழ் தெரிந்தவர்கள்.

நான் வாசித்தேன். மெதுவாகக்கூட வாசிக்கவில்லை. முழுக் குரலில் வாசித்தேன். 'ஒருவரும் இலர்' என்ற இடத்தில் குரல் எப்படி ஏறவேண்டும் என்று பழகியிருந்தேனோ அப்படியே ஏறியது. முதலில் கை தட்டியவர் பிரபுதான்.

அதே வேளையில் ஞானப்பிரகாசம் ஒரு மனுவோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். பிரபு அவனையும் கனிவாகத்தான் பார்த்தார். மனுவில் என்ன என்று கேட்டார். தொட்டியில் எழுநூறு பேர் பசித்திருக்கிறார்கள் என்று ராவ் சொன்னார். அதை மறைக்கவில்லை, அது வரைக்கும் அவரைப் பாராட்டவேண்டும். பிரபு என் பத்திரத்தை விரலால் தட்டிக் காட்டி, "இந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், சபை நடுவில், இரண்டாம் முறையாக யோசித்து வாசித்திருக்கிறார். நான் யாரை நம்புவது?" என்றார். சேவகர்கள் ஞானப்பிரகாசத்தை வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

போகும்போது பிரபு எனக்குக் கை கொடுத்தார். உலர்ந்த, சூடான கை.

ஆடி 6

நல்லமங்கலம் கஞ்சித்தொட்டியை நாளையோடு நிறுத்த உத்தரவு. காரணம் என்ற இடத்தில் என் வாக்கியம் மேற்கோளாக இருக்கிறது.

ஆடி 8

அடுப்பை நேற்றே அணைத்துவிட்டார்கள். ஜனங்கள் போகவில்லை. ஆறிப்போன அடுப்புகளைச் சுற்றி வழக்கம்போல வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சேவகன் வந்து சொன்னான். "கூட்டத்தக் கலைக்கணும்னாலும் எந்திரிக்கச் சத்து வேணும்லய்யா" என்றான். நான் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு நிலுவை வேலை நிறைய இருக்கிறது.

ஆடி 10

டிப்டி தாசில்தார் நியமன உத்தரவு வந்தது. தைலம்மையிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். எனக்கு இலை போட்டுப் பரிமாறிவிட்டு, தன் பங்குச் சோற்றைப் பாத்திரத்தோடு எடுத்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போனாள். நேற்றும் போனாளாம், முந்தாநாளும் போனாளாம். தடுக்கவில்லை.

ஆடி 11

இனிமேல் கச்சேரிக்கு மேலத்தெரு வழியாகப் போவதாக இருக்கிறேன். சுற்றுதான், ஆனால் காற்று நன்றாக இருக்கிறது. கண்மாய் வழியில் காற்று நன்றாக இல்லை.

ஆடி 13

ஞானப்பிரகாசம் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை, முற்றத்திலேயே நின்றான். என்னைத் திட்ட வந்திருக்கிறான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நடக்க முடிஞ்சவங்க நானூறு பேரு இருக்காங்க. பெருங்காவூர் தாலுகாவுல தொட்டி இன்னும் எரியுதாம். அங்க கூட்டிட்டுப் போறேன். ஆறு நாள் ஆகும்னு நெனைக்கேன். தெம்பா இருந்தா மூணு நாள் நடைதான்."

"நடக்க முடியாதவர்கள்?"

"சாமியார் இருக்கார்" என்றான்.

அவன் கேட்காமலே பெருங்காவூர்ச் சிரஸ்தாருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இவர்களைத் தொட்டியில் சேர்த்துக்கொள்ளும்படி, அலங்காரம் ஒன்றும் இல்லாமல் நாலு வரி. அவன் அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான். தைலம்மை வீட்டில் இருந்த அவல் முழுவதையும் கட்டிக் கொடுத்தாள். பல நாளைக்குப் பிறகு இன்று எனக்கு மனசு லேசாக இருந்தது. ஆறு நாள்தானே. பெருங்காவூரில் அடுப்பு எரிகிறது.

ஆடி 15

காலையில் ராவ் ஒரு கடிதத்தை ஆட்டிக்கொண்டே வந்தார். பிரபு கால் வலியால் ஜில்லாத் தலைநகரில் தங்கியிருக்கிறார். அடுத்த வாரம் சுற்றுப்பயணம் தொடர்கிறது. வழியில் இன்னும் பதினொரு தாலுகா இருக்கிறது.

"உம்ம பத்திரத்தையே மாதிரியா வெச்சுக்கச் சொல்லி உத்தரவு. பதினொரு தாலுகாவிலேயும் இதே வாசகம்தான் வாசிக்கணுமாம், கடைசி வாக்கியம் கண்டிப்பா இருக்கணுமாம். அந்த வாக்கியத்துக்கு ஒத்தாப்பலே தொட்டிகளையும் முன்னாலேயே மூடிச் சரிபண்ணி வெச்சுடணும்னு கூடவே ஒரு வரி. பிரதிகள் உம்ம கையெழுத்திலேயே போகட்டும், பிள்ளைவாள். உம்ம பேர் ஜில்லா முழுக்கப் பரவப் போறது."

பட்டியலைப் பார்த்தேன். பிரபு முதலில் போகிற தாலுகா பெருங்காவூர்.

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ராவ் இன்னொருவரிடம் கொடுப்பார், அவரும் எழுதுவார். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேனாவைத் தொட்டேன். பிரதி எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.

தபால் ஓட்டக்காரன் வாசலில் ஈட்டிச் சலங்கையோடு தயாராக நின்றான். "பெருங்காவூருக்கு எப்போது போய்ச் சேருவாய்?" என்று கேட்டேன்.

"கை மாத்திக் கை மாத்தி ஓடுவோம்யா. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கச்சேரியில குடுத்திருவாக."

"வழியில் ஒரு கூட்டம் நடந்து போகும். பார்ப்பாயா?"

"பாக்காம என்னய்யா? நேத்துத் திரும்பி வாரப்பவே பார்த்தேன். நம்ம ஊரு எல்லைக்கல்லு தாண்டி மொத மைல்ல உக்காந்திருந்தாக. ஞானப்பிரகாசம் வாத்தியாரு ஒவ்வொருத்தரையாத் தூக்கி நிறுத்திக்கிட்டிருந்தாரு. எதும் சொல்லணுமாய்யா?"

ஒன்றும் இல்லை என்று சொல்லி உறையை அவனிடம் கொடுத்தேன். இன்னும் பத்துப் பிரதி எழுதவேண்டும்.